இரண்டு வருடத்துக்கு மேல் கவுன்சிலிங் போன அனுபவம்: கொடுத்த காசுக்குப் பிரயோஜனம் உண்டா?

கவுன்சிலிங்குக்குக் காசு கட்டினால் பிரயோஜனம் இருக்கிறதா என்று என்னிடம் தனியாகக் கேட்டவர்கள் இப்போது நாலைந்து பேர் ஆகிவிட்டார்கள். எல்லோரும் விசைத்தறிக்காரர்கள். எல்லோருமே "எனக்கில்லீங்க, சொந்தக்காரருக்கு" என்றுதான் ஆரம்பித்தார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பிரயோஜனம் இருக்கிறது. ஆனால் முதல் சில மாதங்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும். சில வாரம் முன்பைவிட மோசமாகவும் இருக்கும். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஊர் சோமனூர் பக்கம். கூலிக்கு நெய்யும் சின்னத் தறிக்குடோன். ஒரு ராத்திரி சேலம்-கொச்சி ரோட்டில், கருமத்தம்பட்டி தாண்டி, நானும் மச்சானும் வந்த கார் லைட் இல்லாமல் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் புகுந்தது. அக்கா வீட்டுக்காரர் அவர். அங்கேயே போய்விட்டார். எனக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் உடைந்தது, அது சீக்கிரம் கூடிவிட்டது. மற்றது கூடவில்லை. ஏர் ஹாரன் கேட்டால் சட்டை நனைந்துவிடும். பிள்ளைகள் தட்டைக் கீழே போட்டால் கத்துவேன். இதில் விசித்திரம், தறி தடதடவென்று ஓடும்போது குடோனிலேயே நன்றாகத் தூங்குவேன், கரண்ட் போன நொடியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மோதிய பிறகு அந்த ரோட்டில் அப்படித்தான் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. இந்த இரண்டும் ஒன்று என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

"பய்யன் பயந்திருக்கறான், ஒருக்கா மந்திரிச்சுட்டு வந்தா செரியாப் போயிரும்" என்று அம்மா கூட்டிப்போனார். நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். வியாதி பயம்தான் என்று முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான். திருநீறு போட்ட அன்றைக்குத் தூங்கவும் செய்தேன். அன்றைக்கு மட்டும்.

முதலில் போன கவுன்சிலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் விபத்தை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு, மறந்துட்டு வேலையைப் பாருங்க, தியானம் பண்ணுங்க" என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் கண் மூடவில்லை. மறக்க முடிந்தால் அவருக்கு எதற்கு ஃபீஸ்?

அப்புறம் கோவையில் ஒரு மனநல மருத்துவர் இதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர் சொன்னார், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் துரத்தும் மனநோய். இப்படிப்பட்ட தொந்தரவு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயரே வைப்பார்களாம். எனக்கு அதைப்போல எத்தனையோ மடங்கு ஆகியிருந்தது. செர்ட்ரலின் மாத்திரை எழுதிக்கொடுத்து, அதோடு பேச்சு, பயிற்சி மூலமாக வைத்தியம் செய்யும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவரே மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்.

இந்தச் சைக்காலஜிஸ்ட் மேடம் விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாரம் ஒரு முறை போய், தூக்கம், சாப்பாடு, மூச்சு என்றே பேசிவிட்டு வருவேன். பயம் ஏறும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நாலு, கேட்கிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். எல்.கே.ஜி. பாடம் மாதிரி இருக்கிறதே என்று கடுப்பாக இருந்தது. "ஏனுங்க மேடம், எப்பத்தான் வைத்தியம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேவிட்டேன். "இதுதானுங்க வைத்தியம். உடம்பு முதல்ல அடங்கோணும், அப்புறந்தான் அந்த ராத்திரிக்குள்ள போகோணும்" என்றார். குடோனில் கரண்ட் போன ஒரு மத்தியானம் செய்து பார்த்தேன். பாவு நூலில் கஞ்சி வாசம், மோட்டாரில் சூடான ஆயில் வாசம், வாயில் காலையில் குடித்த டீ. கை நடுக்கம் நின்றுவிட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

அந்த ராத்திரியைத் தொட்டது ரொம்பப் பின்னால். ஈ.எம்.டி.ஆர். என்ற முறை. நினைவில் மாட்டிக்கொண்ட ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, அவர் பக்கவாட்டில் அசைக்கும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். ஃபிரான்சின் ஷப்பீரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1987இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களின் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. ஏன் வேலை செய்கிறது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை உண்டு. எனக்கு வேலை செய்தது. காட்சி அழியவில்லை, தள்ளிப்போயிற்று. ஆனால் இந்த செஷன் முடிந்த அன்றைக்கு ஒரு வேலைக்கும் ஆகமாட்டோம், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய வேலை ஒரு வெள்ளைத்தாளில் நடந்தது. மச்சான் சாவுக்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழியில் டீ குடிக்கலாம் என்று அவர் சொன்னபோது நேரமாச்சு என்றது நான். உங்கள் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மேடம் கேட்டார். தொண்ணூறு என்றேன். சரி, அதைக் கடைசியில் எழுதலாம், முதலில் மற்றவர்களுடையதைப் போடுங்கள் என்று தாளில் ஒரு வட்டம் வரைந்து கொடுத்தார். ரோட்டில் லாரியை நிறுத்தியவர், எரியாத பின்விளக்கு, மழை, விளக்கில்லாத அந்த வளைவு, வண்டியின் வேகம். ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரித்துவிட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு கீற்றுதான் மீதி இருந்தது. அதையும் அவர் அழிக்கச் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் கூலிக் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.

நடுவில் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக். வாரக்கணக்கில் ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. வருமானமும் இல்லை, தூக்கமும் இல்லை. ஒரு செஷனுக்கு 1,200 ரூபாய் என்னால் தரமுடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். மாதம் ஒன்றாகக் குறைத்து, வீடியோ காலில் அரை மணி நேரம் வைத்துக்கொண்டார். வீட்டில் தனியாகப் பேச இடம் ஏது? குடோன் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன்.

கோவைக்கு நான் போனதெல்லாம் பாசஞ்சர் ரயிலில். செலவு கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்து மேடம் சிரித்துக்கொண்டே, "ரயிலு வசதிக்குங்களா, ரோட்டைப் பார்க்கக்கூடாதுன்னுங்களா?" என்றார். அதன் பிறகு படிப்படியாக. ரோட்டோர டீக்கடையில் நின்று வண்டிகளைப் பார்ப்பது, நிற்கிற காரில் உட்காருவது, பகலில் கருமத்தம்பட்டி வரை ஓட்டுவது. இப்போது கோவைக்குக் காரில் போகிறேன். ராத்திரியில் இன்னும் ஓட்டுவதில்லை. மச்சான் திதி வரும் வாரம் தூக்கம் கெடுகிறது. அக்காவிடம் அந்த டீ விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்பதில் நானும் மேடமும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

குறை என்றால் காசுதான். 2017 மனநலச் சட்டம் உடம்பு வியாதிக்குச் சமமாக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் வேண்டும் என்கிறது. ஆனால் என் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசிவிட்டு வருவதற்குத் தராது. முடியாதவர்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், இலவசம். கூட்டம் இருக்கும், அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசக் கிடைக்காது, ஆனால் மருந்தும் வழியும் கிடைக்கும். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இடைஞ்சல் ஆகுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்குத் தெரிந்து வெளியே போன சங்கதி எல்லாம் சொந்தக்காரர் வாய் வழியாகத்தான் போனது.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

தனியாரிடம் போகிறவர்கள் முதல் போனிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன, விபத்து, வன்முறை மாதிரி விஷயங்களுக்கு என்ன முறையில் பயிற்சி எடுத்திருக்கிறார், வர முடியாத வாரம் ஃபீஸ் உண்டா. பதிவு எண் கேட்டதற்குக் கோபப்பட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள்.