பி0753: ஸ்கேனர் போதுமா, மல்டிமீட்டரையும் எடுக்க வேண்டுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பாதி மலையில் என் கார் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு இறங்காமல் திணறியது. ஓரங்கட்டி ஆறவிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. மறுநாள் காலையிலும் நன்றாகத்தான் இருந்தது. மதியம் மறுபடி அதே கதை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0753 என்ற கோளாறு கோட் வந்தது. "ஏ சோலினாய்டு போயிடுச்சுங்க, சம்ப்பை இறக்கி எல்லாத்தையும் ஒண்ணா மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். சோலினாய்டு என்றால் கியர் மாற்றும் ஆயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வ். சம்ப் என்றால் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு. "ரெண்டு நாள் கொடுங்கண்ணா" என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: ஸ்கேனர் சொன்னதை நம்பி சோலினாய்டை மாற்றுவது, சோலினாய்டுகள் உட்கார்ந்திருக்கும் வால்வ் பாடியை முழுசாக மாற்றுவது, மின் தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து நானே தேடுவது. மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

ஸ்கேனரைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது. ஆனால் பி0753 என்றால் 'ஏ சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு' என்றுதான் பொருள். சோலினாய்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மின்சாரம் சரியாகப் போயும் வால்வ் வேலை செய்யாவிட்டால் வருவது பி0751. அது ஆயில், அடைப்பு பக்கத்துச் சங்கதி. பி0753 வந்தால் சோலினாய்டு, உள்ளே இருக்கும் ஒயர், கியர்பாக்ஸ் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), வெளி ஒயரிங், ஈசியு (கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என ஐந்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் குற்றம் இருக்கலாம். ஸ்கேனரில் எனக்கு உண்மையிலேயே உதவியது ஃப்ரீஸ் ஃபிரேம்தான். கோட் பதிவான நொடியில் கூலண்ட் 91 டிகிரி என்று அது காட்டியது. வண்டி சூடானால்தான் கோளாறு வருகிறது என்ற சந்தேகம் அங்கே உறுதியானது.

வால்வ் பாடியை முழுசாக மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. செலவு பெரிது. குற்றம் வெளி ஒயரில் இருந்தால் அந்தப் பணம் முழுக்க வீண்.

சரி, மல்டிமீட்டர். இந்த வகை ஆன்-ஆஃப் சோலினாய்டுகள் பலவற்றுக்கு, குளிர்ந்த நிலையில் 11 முதல் 15 ஓம் வரை சரியான அளவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் கியர்பாக்ஸில் ஒவ்வொரு சோலினாய்டுக்கும் ஒரே ஒயர்தான், எர்த் கியர்பாக்ஸ் உடம்பு வழியாகப் போகிறது. அதனால் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கப்ளரைப் பிரித்து, மீட்டரின் ஒரு முனையைக் கப்ளர் பின்னிலும் இன்னொன்றைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்தால் போதும். பெண் பின்னுக்குள் மீட்டர் முனையை அழுத்திச் செருகாதீர்கள். பின் அகன்று, இல்லாத லூஸ் காண்டாக்ட் புதிதாக வந்துவிடும். கப்ளருக்குள் ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெர்சிடீஸின் 722.6 கியர்பாக்ஸில் கப்ளர் ஓ-ரிங் தேய்ந்து, ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறி கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடுவது பலரும் அறிந்த தொல்லை.

எனக்கு ஏ 13.1 ஓம், பி 13.4 ஓம் காட்டின. இரண்டும் பழுதில்லை. இங்கேதான் பலர் மீட்டரை மூடி வைத்துவிட்டு, 'ஸ்கேனர் சொன்னதே சரி' என்று சம்ப்பைக் கழற்றப் போகிறார்கள். சூட்டில் வரும் கோளாறைக் குளிர்ந்த வண்டியில் அளந்தால் என்ன தெரியும்?

முக்கால் மணி நேரம் ஓட்டி, கோளாறு வந்ததும் வீட்டுக்குத் திரும்பி உடனே மறுபடி அளந்தேன். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 13 ஓம் என்றால் 80 டிகிரியில் 16 ஓம் அளவுக்கு வர வேண்டும். கியர்பாக்ஸ் கப்ளரில் ஏ 16.2 காட்டியது. சூட்டிலும் சோலினாய்டு ஆரோக்கியமாக இருக்கிறது. அப்புறம் கப்ளரை மறுபடி மாட்டிவிட்டு, ஈசியு பக்கத்துக் கப்ளரைப் பிரித்து, அதே ஒயரைப் பாடி எர்த்தோடு வைத்து அளந்தேன். சுற்று முழுக்கக் கட். ஒயரிங்கைக் கையால் அசைத்தேன். 16, கட், 16, கட் என்று மீட்டர் துள்ளியது. பேட்டரி தட்டுக்கு அடியில் கிளிப் அழுத்திய இடத்தில் ஒயர் உள்ளே அறுந்திருந்தது. மேலுறை மட்டும் முழுசாக இருந்தது. பத்து சென்டிமீட்டர் புது ஒயர் வைத்து, ஈயம் போட்டு, ஸ்லீவ் மாட்டினேன். பிறகு இரண்டு முறை குன்னூர் ஏறிவிட்டேன். கோட் வரவில்லை.

குளிரில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை, இரண்டு முனையிலும் அளப்பதுதான் எனக்கு முடிவைத் தந்தது. சம்ப்பை இறக்கியிருந்தால் ஆயில், கேஸ்கெட், சோலினாய்டு செலவு போக, ஆயிலை மறுபடி ஊற்றிச் சூட்டில் மட்டம் பார்க்கும் வேலையும் இருந்திருக்கும். அத்தனையும் முடிந்த பிறகும் அந்த ஒயர் அறுந்தபடியே கிடந்திருக்கும்.

இந்த வழி எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் சோலினாய்டின் ஓம் அளவே வேறு, குறைவாக இருக்கும். அதன் சிக்னலை ஒழுங்காகப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். கன்ட்ரோல் யூனிட்டே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் புதிய பெட்டிகளில் நான் கை வைத்ததில்லை. அங்கே நல்ல ஸ்கேனர்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். கியர்பாக்ஸ் கப்ளரிலேயே சூட்டில் கட் காட்டினால் சம்ப்பை இறக்காமல் வழியில்லை. அப்போது சோலினாய்டோடு உள் ஒயரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சூட்டில், ஒரே ஆயிலில் வெந்தவை.