புர்கோஸில் மாற்றிய காலணி: 1,100 கிலோமீட்டருக்குப் பிறகு

பூட்ஸின் அடிப்பாகம் பிரிந்த இடம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. வில்லாஃப்ராங்கா மோன்தெஸ் தே ஒகாவை விட்டுப் புறப்பட்டால் சான் ஹுவான் தே ஒர்தேகா வரை 12 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது, காடுதான். அதன் நடுவில், இரண்டு நாள் மழையில் ஊறிக்கிடந்த சேற்றிலிருந்து வலது காலைத் தூக்கினேன். கால் வந்தது, பூட்ஸ் வந்தது. குதிகால் பக்கத்து அடித்தட்டு மட்டும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு, முன்பக்கம் தொங்கியபடி வாயைப் பிளந்தது.

ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்குப் போகும் பாதயாத்திரைத் தடங்களில் அதிகம் பேர் நடக்கும் ‘காமினோ பிரான்செஸ்’ அது. பிரான்ஸ் எல்லையில் உள்ள ‘சென் ழான் பியே த போர்’ என்ற ஊரில் தொடங்கினால் மொத்தம் சுமார் 780 கிலோமீட்டர். எனக்கு அது பதினொன்றாம் நாள். 250 கிலோமீட்டர்தான் முடிந்திருந்தது. முக்கால்வாசி மீதி என்று சொல்ல முடியாவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு கண்முன்னே கிடந்தது.

அந்த பூட்ஸைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கணுக்காலுக்கு மேல் உயரம், தோல் உடல், உள்ளே நீர்புகாத படலம், ஜோடி 1,300 கிராம். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் நான்கு ஆண்டுகள் அலமாரியில்தான் இருந்தது. ‘அதிகம் போடவில்லை, புதிதுபோல இருக்கிறது’ என்ற நம்பிக்கையில்தான் எடுத்துப்போனேன். என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது. இத்தகைய பூட்ஸ்களில் காலுக்கும் வெளி ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தை பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நடக்காமல் வைத்திருந்தாலும் சிதைவு நிற்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதுமில்லை. ரப்பரில் பள்ளங்கள் ஆழமாக இருந்தன, தோலில் கீறல்கூட இல்லை. நடுவில் இருந்தது மட்டும் காய்ந்த ரொட்டியாகியிருந்தது.

எச்சரிக்கையே இல்லாமல் நடந்ததாகச் சொல்ல முடியாது. மூன்று நாள் முன்னதாக, லோக்ரோன்யோவில், விடுதி வாசலில் பூட்ஸைக் கழற்றி அடுக்கில் வைக்கும்போது (அங்கே யாத்திரிகர் விடுதிகளில் காலணி வாசல் தாண்டாது) பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்தேன். கட்டை விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. லோக்ரோன்யோ நகரம், காலணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பார்த்தும் நகர்ந்துவிட்டேன். பழகிய காலணியைப் பாதி வழியில் மாற்றக்கூடாது என்று எங்கோ கேட்டதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறிவுரையில் உண்மை உண்டு, ஆனால் அது உயிரோடு இருக்கும் காலணிக்குத்தான் பொருந்தும்.

காட்டில் எனக்குப் பின்னால் வந்த ஓர் இத்தாலியப் பெரியவர், பேச்சே இல்லாமல் பையிலிருந்து துணிப் பசை நாடாவை எடுத்து ஐந்து சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். அதன் மேல் துணி காயப்போடும் கயிற்றையும் கட்டிக்கொண்டேன். நாடா சேற்றில் ஒட்டாது, கல்லில் கிழியும். மணிக்கு ஒருமுறை மறுபடி சுற்ற வேண்டும். மறுநாள் புர்கோஸ் நகரம் வரை 25 கிலோமீட்டர். வழியில் அதாபுவெர்கா வருகிறது. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகள் கிடைத்த மலை. அந்த ஆதி மனிதர்கள் இதே கற்கள் மேல் வெறுங்காலோடு நடந்திருப்பார்களே என்று எண்ணிக்கொண்டு சிரித்தேன். அடுத்த கல்லில் இடது பூட்ஸும் பிளந்தது.

புர்கோஸை அடைந்தது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருந்தன. நகராட்சி விடுதியில் ஒரே ஓர் இரவுதான் தங்கவிடுவார்கள் என்பதால், திங்கள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பத்து மணிக்குக் கடை திறக்கும்வரை காத்திருந்தேன். ஒரு வகையில் அது நல்லதாயிற்று. பையோடு கடைக்குப் போனதால் பையின் எடையோடே காலணியைப் போட்டுப் பார்க்க முடிந்தது. பாரம் ஏறும்போது பாதம் அகன்று கீழே பரவுகிறது. வெறும் கையோடு போட்டுப் பார்த்திருந்தால் சிறியதை வாங்கியிருப்பேன்.

என் அளவு வாழ்நாள் முழுக்க ஐரோப்பியக் கணக்கில் 42. கடைக்காரர் கேட்கவே இல்லை. காலை அளந்து 43-ஐக் கொண்டுவந்து வைத்தார். தினமும் ஏழு மணி நேரம் நடந்ததில் பாதம் வீங்கி அகன்றிருந்தது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் ஆறரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் இறக்கத்தில் நகம் கறுப்பதா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பம்ப்லோனாவுக்கு அப்பால் பெர்தோன் மேட்டின் உருளைக்கல் இறக்கத்தில் என் இரு பெருவிரல் நகங்களும் கறுத்ததற்குக் காரணம் பாதை என்று நினைத்திருந்தேன். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதேபோன்ற உயரமான பூட்ஸைத்தான் முதலில் கேட்டேன். போட்டுப் பார்த்ததும் விட்டுவிட்டேன். விறைப்பான தோல் காலுக்குப் படிய வாரக்கணக்கில் ஆகும். என்னிடம் அடுத்த நாள் காலைதான் இருந்தது. எடுத்தது கணுக்காலுக்குக் கீழே நிற்கும், வலைத்துணி மேற்பாகம் கொண்ட, மலைப்பாதை ஓட்டக் காலணி. ஜோடி 700 கிராம், 140 யூரோ. நீர்புகாத படலம் இல்லாததை வேண்டுமென்றே கேட்டு வாங்கினேன். பழைய பூட்ஸில் கழுத்து வழியாக உள்ளே போன தண்ணீர் இரண்டு நாள் வெளியே வராமல் குடியிருந்த அனுபவம் போதும்.

முதல் நாள் கால்கள் பறந்தன. பறந்ததுதான் தவறு. 21 கிலோமீட்டரில் ஒர்னியோஸில் நிற்க வேண்டியவன் இன்னும் பத்து நடந்தேன். மறுநாள் காலை குதிகால் தசைநாணைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். புதிய காலணியில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு பழையதைவிடக் குறைவு. குதிகால் தாழ்ந்தால் கெண்டைச்சதையும் அதன் தசைநாணும் கூடுதலாக இழுபடும். கொப்புளத்துக்குப் பயந்து நாடா ஒட்டியிருந்தேன், கொப்புளம் வரவே இல்லை. எதிர்பாராத இடத்தில் வலி வந்தது. நான்கு நாள் 15 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். புர்கோஸுக்கு அடுத்து வரும் மெசேதா சமவெளி, சலிப்பூட்டுகிறது என்று பலர் பஸ் ஏறித் தாண்டிவிடும் பகுதி. காலணியைப் பழக்க அதைவிட நல்ல தரை கிடைக்காது. கரியோன் தே லோஸ் கோந்தேஸைத் தாண்டி வரும் ஊரில்லாத 17 கிலோமீட்டர் சரளைப் பாதையை முடித்தபோது வலி போயிருந்தது.

குறைகள் இரண்டு. வலைத்துணி வழியாகப் புழுதி நுழைகிறது. மாலையில் காலுறையைக் கழற்றினால் பாதம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும், கழுவாமல் விட்டால் விரலிடுக்கு உரசிப் புண்ணாகும். அடுத்தது, ஈரமான பலகைக்கல்லில் பிடிப்பு போதாது. இரும்புச் சிலுவை நிற்கும் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து மோலினாசேகா வரை சுமார் 900 மீட்டர் இறக்கம். அதில் ஒருமுறை உட்கார்ந்தே விட்டேன். ஆனால் நகம் கறுக்கவில்லை. பெரிய அளவு மட்டும் காரணமில்லை. மேல் துளையில் கயிற்றை வளையமாக்கிக் குதிகாலை இறுக்கும் முடிச்சைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சந்தியாகோ இருக்கும் கலீசியா பகுதியின் மழையில் காலணி தினமும் நனைந்தது. விடுதி வாசலில் இதற்கென்றே போட்டுவைக்கும் பழைய செய்தித்தாளைத் திணித்து, இரவு ஒருமுறை மாற்றினால், காலையில் போடும்படி காய்ந்திருந்தது. சிலர் ஹீட்டர் மேல் வைத்தார்கள். சூட்டில் பசை இளகிவிடும். எனக்கு அதில் விளையாட மனமில்லை.

சந்தியாகோவோடு நிற்காமல் கடலோரம் ஃபினிஸ்தெர்ரே வரை இன்னும் 90 கிலோமீட்டர் நடந்தேன். கலங்கரை விளக்கத்தருகே பாறைமேல் வெண்கலத்தில் ஒற்றைப் பூட்ஸ் ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பாகம் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பின் பத்து மாதமாக வார இறுதி நடைகளுக்கும் புர்கோஸில் வாங்கிய காலணியையே போட்டதில் மொத்தம் 1,100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்த வகைக் காலணிக்கு 500 முதல் 800 வரைதான் பொதுவாகச் சொல்வார்கள். வெளிக்குதிகால் ரப்பர் வழுக்கையாகிவிட்டது, சுண்டுவிரல் மடிப்பில் துணி கிழிந்திருக்கிறது, மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் வலது காலணி வெளிப்பக்கம் சாய்கிறது. நீள நடைக்கு இனி ஆகாது. கிலோமீட்டருக்கு 13 சென்ட் என்று கணக்குப் போட்டால் குறையில்லை.

அடுத்த பயணத்துக்கும் இதே வகைதான், இம்முறை புறப்படும் முன்பே 80 கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு. அளவு 43. கால் பழைய அளவுக்குத் திரும்பும் என்று காத்திருந்தேன்; திரும்பவில்லை. அலுவலகத்துக்குப் போட்டுவந்த மூன்று ஜோடி 42-களையும் போன மாதம் கொடுத்துவிட்டேன்.