எண்ணெய் உரிமையை விற்ற பணத்தை ராயல்டி என்று எழுதிவிட்டார்கள்

டெக்சாஸில் நிலத்தடி எண்ணெய் உரிமையை விற்றவர்களும் விற்க இருப்பவர்களும், முக்கியமாக என்னைப் போல் கணவரை இழந்த பெண்கள், இதைப் படித்த பிறகு வரிக்கணக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

2005-இல் நானும் என் கணவரும் கார்ன்ஸ் கவுண்டியில் நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கினோம். அங்கே மேல்மண் ஒருவருக்கும் அடியில் கிடப்பது இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். விற்றவர் கனிம உரிமையில் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அங்கே எண்ணெய் இருக்கும் ஈகிள் ஃபோர்டு பாறையைத் துளைக்கத் தொடங்கினார்கள். எடுத்த எண்ணெய்க்கு எங்கள் பங்காக மாதாமாதம் ராயல்டி வந்தது. 2019-இல் என் கணவர் காலமானார். 2022-இல் எங்கள் பாதியை 1,80,000 டாலருக்கு விற்றேன்.

வாங்கிய நிறுவனம் கொடுத்த பணத்தைத் தெரிவித்து அனுப்பிய 1099-மிஸ்க் வரிப் படிவத்தின் இரண்டாம் கட்டத்தில், ராயல்டி என்று அச்சிட்ட இடத்தில், அந்த முழுத் தொகையும் இருந்தது. எனக்கு அதன் பொருள் புரியவில்லை. ஹூஸ்டனில் பல தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "அக்கா, கவலையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். விற்பனைப் பத்திரத்தையும் கொடுத்தேன். நான் மாட்டிக் கொடுத்த கிளிப் நகராமல் அது அப்படியே திரும்பி வந்தது. 1,80,000 டாலரையும் ராயல்டி வருமானமாக, வரிக்கணக்கில் வாடகை, ராயல்டி காட்டும் ஷெட்யூல் இ-இல் ஏற்றிவிட்டார். என் சம்பளம் எழுபதாயிரம். அதோடு இது சேர்ந்ததால் உச்சப் பகுதிக்கு 35 சதவீதம் வரை வரி ஏறியது. அதற்கு மேல் 3.8 சதவீத முதலீட்டு வருமான வரி வேறு. விற்ற பணத்துக்கு மட்டும் ஏறக்குறைய 50,000 டாலர் கட்டினேன். சேமிப்பில் பாதி போயிற்று.

சென்ற ஆண்டு வேறொரு கணக்காளரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கணவர் எந்தத் தேதியில் இறந்தார்?" முந்தையவர் அதைக் கேட்கவே இல்லை. அந்த ஒரு தேதியில்தான் எல்லாம் இருந்தது. விற்றது சொத்து, அது மூலதன ஆதாயமாக 8949 படிவத்திலும் ஷெட்யூல் டி-யிலும் வர வேண்டும். டெக்சாஸில் தம்பதியர் சேர்ந்து சம்பாதித்த சொத்து இருவருக்கும் பொது. ஒருவர் இறந்தால், அன்றைய சந்தை மதிப்பே இருவர் பங்குக்கும் புதிய அடக்கவிலை, அதாவது லாபத்தைக் கணக்கிட எடுக்கும் விலை, ஆகிவிடுகிறது. 2005-இல் கொடுத்த விலையை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு பெட்ரோலியப் பொறியாளர் என் கணவர் இறந்த நாளின் மதிப்பை 1,50,000 டாலர் என்று கணித்துக் கொடுத்தார். அதற்குப் பின் வந்த ராயல்டியில், எண்ணெய் தீர்ந்துகொண்டே போவதற்காகத் தரும் 15 சதவீதக் கழிவாக (டிப்ளீஷன்) நான் எடுத்த 6,000 டாலரை அதிலிருந்து குறைக்க வேண்டும். ஆக லாபம் 36,000. அதில் அந்த 6,000-க்குச் சாதாரண வரி, மீதி 30,000-க்கு 15 சதவீதம். மொத்தம் 6,000 டாலரைக்கூட எட்டாது.

தப்பான 1099-ஐத் திருத்தித் தரும்படி நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. பத்திரத்தின் நகல், மதிப்பீடு, விளக்கக் கடிதம் மூன்றையும் இணைத்து, பழைய வரிக்கணக்கைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவத்தை அனுப்பியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. பழைய கணக்காளர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

உங்கள் கணக்கிலும் விற்ற தொகை ஷெட்யூல் இ-இல் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2023-இல் விற்று உரிய காலத்தில் கணக்குக் கொடுத்தவர்கள் 2027 ஏப்ரல் 15 வரை திருத்தலாம்.