ரீஃப் தொட்டியில் நீரோட்டம்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் நாலடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். கொள்ளளவு சுமார் 300 லிட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிசி வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு). ஒவ்வொன்றும் மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதாவது இரண்டும் சேர்ந்து மணிக்குத் தொட்டி நீரைப்போல் 33 மடங்கு. மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா மாதிரியான கடினப் பவளங்களுக்கு 30, 40 மடங்கு என்று ரீஃப் வளர்ப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். இப்போது நான் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியில் இருப்பது எதிரே பாறை எதுவும் இல்லாத புதுப் பம்பின் வேகம்.

சிலர் சம்பிலிருந்து (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) ஏறும் ரிட்டர்ன் பம்பையும் இதில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன் வேலை வேறு. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் தண்ணீர் போய் வர 3 முதல் 5 மடங்கு ஓடினால் தாராளம்.

பவளம் நகர முடியாத உயிர். ஆக்ஸிஜனும் இரையும் அதைத் தேடி வரவேண்டும், அது விடும் கழிவை யாராவது அள்ளிப் போகவேண்டும். இரண்டையும் செய்வது நீரோட்டம்தான். அதனால் எவ்வளவு வேகம் என்பதைவிட எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. என் தொட்டியில் பெரிய மாற்றம் வந்தது பம்பால் அல்ல, பாறையால். லைவ் ராக்கை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) பின்கண்ணாடியிலிருந்து நாலு அங்குலம் முன்னே இழுத்து, நடுவில் ஒரு குகை விட்டதும், பின்னால் படிந்துகொண்டே இருந்த வண்டல் கிளம்பி, தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பக்கம் போகத் தொடங்கியது. மூலையில் படர்ந்திருந்த சிவப்புச் சயனோ பாக்டீரியா படலமும் மெல்லக் குறைந்தது. சோதிக்க எளிய வழி உண்டு: மீன் தீனியை நுணுக்கி ஒரு சிட்டிகை போட்டு, எங்கே போய்த் தங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தங்கும் இடம்தான் நீரோட்டம் எட்டாத இடம்.

இரண்டு வேவ்மேக்கரையும் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, லேசாக மேல்நோக்கி வைத்து, மாறி மாறி ஓடும்படி விட்டிருக்கிறேன். மேற்பரப்பு கலங்கினால்தான் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் இறங்கும். வெதுவெதுப்பான உப்பு நீரில் அது ஏற்கெனவே குறைவு. நேராகப் பவளத்தின்மேல் பீய்ச்சுவது கூடாது. டார்ச் பவளம் என்ற வகையின் விரல் போன்ற நீட்சிகள் எல்லாப் பக்கமும் ஆடினால் சரி; எந்நேரமும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் வேகம் அதிகம், நாளடைவில் சதை எலும்புக்கூட்டிலிருந்து விலகிவிடும். காளான் பவளங்களைக் கீழே ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டேன். மணல் 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன். இதைவிட நைசாக இருந்தால் மூலையில் குன்று கட்டிவிடும்.

கன்ட்ரோலரில் 'அலை' மோடு பார்க்க அழகுதான், விருந்தாளி வந்தால் போடலாம். ஆனால் தண்ணீர் மொத்தமும் இப்படியும் அப்படியும் ஆடும்போது ஸ்டாண்டும் சேர்ந்து லேசாக அசைவதால் எனக்கு அது பிடிக்கவில்லை. ரேண்டம் மோடுதான் தினசரி. இரவு மோடும் எனக்கு உடன்பாடில்லை: விளக்கு அணைந்தபின் ஒளிச்சேர்க்கை நின்று ஆக்ஸிஜனும் பிஹெச்சும் இறங்குகிற நேரத்தில் நீரோட்டத்தையும் குறைப்பானேன்?

நீண்ட நாள் ஓட்டத்தில் தெரியவரும் விஷயம் பராமரிப்பு. கோரலைன் பாசியும் சுண்ணாம்புப் படிவும் பம்பின் சுழலியான இம்பெல்லரில் ஏற ஏற, வேகம் நமக்குத் தெரியாமலே இறங்குகிறது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழைய பிரஷால் தேய்த்துப் பொருத்தினால் பழைய இழுப்பு திரும்புகிறது, சத்தமும் அடங்குகிறது. இரண்டு பம்பையும் ஒரே நாளில் கழுவாமல் வாரம் விட்டு வாரம் செய்வேன். கடல் அனிமோன் வைத்திருப்பவர்கள் பம்பின் முகப்பில் கட்டாயம் ஸ்பாஞ்ச் காவல் போடுங்கள், அனிமோன் ஓரிடத்தில் சும்மா இருக்காது, நகர்ந்துபோய்ப் பம்பில் மாட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு: இம்பெல்லரும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்கிறதா, மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடுமா. லிட்டர் கணக்கு அப்புறம்.