படமா, எழுத்தா? பிள்ளைக்குப் பிரித்துக் காட்ட எந்த வழி நல்லது

நாலு வயதுப் பிள்ளையின் முன் ஒரு கதைப்புத்தகத்தை விரித்து, "எதிலை வாசிக்கிறது? தொட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அனேகமாக விரல் படத்தில்தான் போய் நிற்கும். இதைக் குறையாக எடுக்கவேண்டாம், அந்த வயதில் படம்தான் கதை சொல்கிறது என்று பிள்ளை நம்புகிறது. ஆனால் ஏடு தொடக்கி, "அ, அணில், ஆ, ஆடு" என்று தடக்குப்படாமல் ஒப்புவித்துவிட்டால், வாசிக்க வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். முதலாம் ஆண்டில் படமில்லாத வரியைக் கண்டு பிள்ளை முழிக்கும்போதுதான் விஷயம் வெளிக்கிறது.

யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளிலும் வீடுகளிலும் புழங்குகிற வழிகள் மூன்று: படஅட்டை, கடைப் பைக்கற்றுகளும் பெயர்ப்பலகைகளும், தொட்டுத் தொட்டு வாசிக்கும் கதைப்புத்தகம். மூன்றையும் ஒரே தராசில் போடமுடியாது.

அதிகம் விற்பது படஅட்டைதான். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். அட்டையின் முக்கால்வாசி படம், கீழே ஒரு மூலையில் சொல். பிள்ளையின் கண் கீழே இறங்கவேண்டிய தேவையே இல்லை. இ அட்டையைக் காட்டினால் "வேப்பிலை" என்கும். ஔ அட்டையில் ஔவையாரைக் கண்டால் "அம்மம்மா" என்கும். இரண்டும் பிழையில்லாத விடைகள், ஏனென்றால் பிள்ளை பார்த்தது படத்தை. சொல்லோடு படமும் சேர்ந்திருந்தால் கவனம் படத்துக்குப் போய்ச் சொல்லைப் படிப்பது பிந்துகிறது என்று அமெரிக்காவில் ஜே சாமுவேல்ஸ் 1967இலேயே பரிசோதித்துக் காட்டினார்.

அட்டையை எறியத் தேவையில்லை, வெட்டினால் போதும். பிறிஸ்டல் போட்டில் ஒரே அளவாக, ஆறு அங்குலம் நீளம் நாலு அங்குலம் அகலமாகப் பத்து அட்டை வெட்டுங்கள். ஐந்தில் படம் மட்டும், ஐந்தில் சொல் மட்டும், கறுப்பு மார்க்கரால். சொல்லைக் கலர் கலராக எழுதினால் பிள்ளை நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கலந்து கொடுத்து, முதலில் இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: "இது பாக்கிறது, இது வாசிக்கிறது." சொல் என்னவென்று இப்போது கேட்கவே வேண்டாம். பிரிக்கத் தெரிந்தபிறகுதான் சோடி சேர்ப்பது.

சோடி சேர்க்கும்போது "யானை", "எறும்பு" இரண்டையும் கட்டாயம் வையுங்கள். பெரிய பொருளுக்குப் பெரிய சொல் இருக்கவேண்டும் என்று சின்னப்பிள்ளைகள் நினைப்பதை எமிலியா ஃபெரேரோவும் அனா தெபெரோஸ்கியும் ஆர்ஜென்டீனாப் பிள்ளைகளிடம் கண்டு 1979இல் எழுதினார்கள். தமிழில் யானைக்கு இரண்டே எழுத்து, எறும்புக்கு நாலு. நீளமான சொல்லை யானைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற பிள்ளை, சொல்லையும் ஒரு படமாகத்தான் பார்க்கிறது. அந்த இடத்தில் "யா", "னை" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, சத்தத்தோடு பொருத்திக் காட்டவேண்டும்.

பைக்கற்றுகளுக்குச் செலவில்லை. பிஸ்கட் உறை, சவர்க்காரப் பெட்டி, பஸ்ஸின் முன்பலகை எல்லாம் கண்முன்னே கிடக்கின்றன. ஆனால் உறையைக் கண்டு "மாரி பிஸ்கட்" என்று சொல்கிற பிள்ளை பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும்தான் சொல்கிறது. 1984இல் மேசன்ஹைமர், ட்ரம், ஏரி ஆகிய மூவரும், பழகிய வணிகப் பெயர்களில் ஓரெழுத்தை மாற்றி மழலையரிடம் காட்டினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அந்த மாற்றத்தைக் கவனிக்கவேயில்லை. ஆகவே படிகளாகப் போகவேண்டும்: முதல் உறை, அடுத்தது அதன் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி, கடைசியில் வெறும் தாளில் கையால் எழுதிய அதே சொல். அனேகமான பிள்ளைகள் மூன்றாவது படியில் நின்றுவிடும். அங்கேதான் படிப்பிக்கத் தொடங்கவேண்டும்.

எங்கள் ஊரில் இந்த வழிக்கு ஒரு தனி உபயோகம் உண்டு. பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். சிங்கள வரியைத் தொட்டு "யாழ்ப்பாணம்" என்று வாசிக்கிற பிள்ளைக்குப் படம் வேறு எழுத்து வேறு என்பது விளங்கிவிட்டது, எந்த எழுத்து என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. அது நல்ல முன்னேற்றம். "எங்கடை எழுத்து எது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

கதைப்புத்தகத்தைப் பற்றிக் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் சரியாகச் செய்தால் இதை மிஞ்ச வேறில்லை. சும்மா வாசித்துக் காட்டுவது போதாது. கனடாவில் எவான்ஸ், சான் ஓபின் என்ற இருவர் கண்ணசைவைப் பதிந்து பார்த்து 2005இல் வெளியிட்டதன்படி, கதை கேட்கும் மழலையர் எழுத்தைப் பார்ப்பது மிகச் சொற்பம், கண் முழுக்கப் படத்தில். அதனால் ஒரு ஈர்க்கை எடுத்து, வாசிக்கும் சொல்லின் அடியில் வைத்து நகர்த்துங்கள். சொல்லுக்கு மேலே விரலை வைத்தால் எழுத்து மறைந்துவிடும்.

புத்தகம் தெரிவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். படத்துக்கு மேலேயே வசனம் அச்சடித்த புத்தகம் இதற்கு உதவாது. வெள்ளைப் பின்னணியில், பக்கத்துக்கு ஒரு வரி, மூன்று நாலு சொல், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி இருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் சித்திரக்கொப்பியில் நீங்களே எழுதலாம்.

வரி பாடமானபிறகு ஈர்க்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். "பூனை பால் குடித்தது" என்பதில் "பூ" என்று முதல் சொல்லையும் "னை" என்று இரண்டாவதையும் தட்டும். "பால்" சொல்லும்போதே மூன்றாவது சொல்லுக்கு வந்துவிடும், "குடித்தது" சொல்லத் தட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. உடனே திருத்தாதீர்கள். வாயில் வார்த்தை மிச்சம், தாளில் சொல் முடிந்துபோச்சு என்று பிள்ளையே கண்டுபிடிக்கிற அந்த இடத்தில்தான் கண் எழுத்துக்கு வருகிறது. அதன்பிறகு ஒருமுறை மெதுவாக வாசித்துக் காட்டினால் போதும்.

சோதிக்க இரண்டு கேள்வி. படத்தைத் தாளால் மூடி, "இப்ப அம்மாவாலை வாசிக்கேலுமோ?" பிறகு எழுத்தை மூடிப் படத்தைத் திறந்து அதே கேள்வி. இரண்டாவதற்கு "ஏலாது" என்று சொல்கிற பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "ஏலும்" என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஈர்க்கோடு இருங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அதைக் கதைப்புத்தகத்துக்கே கொடுக்கலாம். வெட்டிய அட்டை கிழமைக்கு இரண்டு தரம், பைக்கற்று கடைக்குப் போகிற வழியில். முன்பள்ளி ரீச்சர்மாருக்கு ஒன்று: பை கொழுவும் ஆணிக்கு மேலே கிளி, மாம்பழம் என்று படம் ஒட்டுவதை மூன்று வயதோடு நிறுத்தி, பிள்ளையின் பெயரை மட்டும் இரண்டு அங்குல எழுத்தில் ஒட்டுங்கள். முதல் கிழமை பைகள் மாறிக் கிடக்கும்தான், அதற்காகப் படத்தைத் திரும்ப ஒட்டவேண்டாம்.