மடலில் லிங்க் அடைபட்டால்: சுருக்கு முகவரியா, முழு முகவரியா, சொந்த டொமைனா?

மன்னார்குடியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புகிறேன். ஊர் விவசாயிகள், வெளியூரில் இருந்துகொண்டே நிலத்தைக் கவனிப்பவர்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பேர். மேட்டூர் நீர்மட்டம், முறைப்பாசனத் தேதிகள், நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் விவரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க். லிங்க் திறக்காவிட்டால் மடல் அனுப்பியும் பயனில்லை.

போன சம்பாவில் அதுதான் நடந்தது. பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இலவசச் சுருக்கிச் சேவை ஒன்றில் லிங்க்கைச் சுருக்கிப் போட்டு அனுப்பினேன். கும்பகோணத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். "தம்பி, தொட்டா செவப்பா ஒரு பக்கம் வருது. ஆபத்துன்னு போட்டிருக்கு. இது நீ அனுப்புனதுதானா?" அந்தக் கேள்வி உறைத்தது. அதற்கப்புறம் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

சுருக்கு முகவரியில் உள்ள கோளாறு இதுதான். ஸ்பாம் வடிகட்டிகள் அனுப்பியவர் யார் என்பதோடு, மடலுக்குள் இருக்கும் லிங்க்கின் டொமைனையும், அதாவது அந்தத் தளத்தின் பெயரையும், பார்க்கின்றன. ஸ்பாம்ஹாஸ், எஸ்யுஆர்பிஎல் போன்ற அமைப்புகள் கெட்ட டொமைன்களின் பட்டியலையே வைத்திருக்கின்றன. சுருக்கியில் ஒரே டொமைனை லட்சக்கணக்கானோர் பகிர்கிறார்கள், மோசடிக்காரர்களும் சேர்த்து. மேலே எங்கோ ஆகாயத்தாமரை அடைத்தால் கடைமடையில் தண்ணீர் நிற்கிற மாதிரி, எவனோ செய்த தப்புக்கு நம் லிங்க் நிற்கும். சேவை மூடப்படும் ஆபத்தும் உண்டு: கூகுள் 2009-இல் தொடங்கிய தன் சுருக்கியில் 2019-க்குப் பிறகு புது லிங்க் போட முடியாமல் போனது. நோட்டீஸில் அச்சடிக்கச் சுருக்கு முகவரி சரி. மின்னஞ்சலில் லிங்க் சொல்லுக்குப் பின்னால்தானே இருக்கிறது, சுருக்க வேண்டிய தேவையே இல்லை.

முழு முகவரி நேர்மையானது. அரசுத் தளத்துக்கு அனுப்புவதென்றால் அதையே போடுங்கள். ஆனால் இரண்டு இடத்தில் இடறும். முதலாவது, தமிழ் எழுத்து உள்ள முகவரி. 'குறுவை' என்ற மூன்றெழுத்துச் சொல் முகவரியை நகலெடுக்கும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக 54 குறியீடுகளாக நீளும். வெறும் எழுத்து மடலில் அது வரி நடுவே முறிந்து, முதல் பாதி மட்டும் லிங்க்காக நிற்கும். இரண்டாவது, கண்ணுக்கு ஒரு முகவரி தெரிய, உள்ளே வேறு முகவரி இருப்பது. மோசடிக்காரர்கள் செய்வதும் இதையேதான், அதனால் தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் எச்சரிக்கை காட்டும். மேலே முகவரியை எழுதாமல் 'நீர்மட்டம் பார்க்க' என்று எழுதுங்கள்.

மெயில்சிம்ப் போன்ற மடல் சேவைகள், மடல் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து, வேண்டாதவர்கள் விலகும் வசதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் யார் எதைத் தொட்டார்கள் என்று எண்ணுவதற்காக லிங்க்குகளைத் தங்கள் டொமைன் வழியே திருப்பிவிடும். அதுவும் பொது வாய்க்கால்தான், சுருக்கியைவிடக் கண்காணிப்பு கூடுதல், அவ்வளவே. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்தே நாளைக்கு 500 பேருக்கு அனுப்பலாம். இருநூறு பேருக்கு எனக்கு இந்தச் சேவை தேவைப்படவில்லை.

பிடிஎஃப் இணைப்பாக அனுப்பினால் உள்ளே இருக்கும் லிங்க்கையும் வடிகட்டி பார்க்கும். பழைய போன்காரர்களுக்குத் தொல்லையும் கூட.

நான் கடைசியில் நின்றது சொந்த டொமைனில். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு. காப்பீட்டுப் பக்கம், கொள்முதல் பக்கம் என்று ஆங்கில எழுத்தில் குட்டி முகவரிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி விளக்கமும் உண்மையான தளத்தின் முழு முகவரியும் கொடுத்திருக்கிறேன். அரசுத் தளம் முகவரி மாற்றினால் என் பக்கத்தில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், பழைய மடல்களும் வேலை செய்யும். இதுவரை மற்ற எந்த வழியிலும் இந்த நிம்மதி கிடைக்கவில்லை. டொமைனிலிருந்தே மடல் அனுப்புவதானால், மடல் உண்மையில் அந்த டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு ஏற்பாடுகளையும் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாருக்கும் குறைந்தது ஒன்றாவது கட்டாயம். தளத்துக்குள் வைரஸ் புகுந்து சிவப்புப் பக்கம் வந்தால், சுத்தம் செய்துவிட்டு, தளச் சொந்தக்காரர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் மறுஆய்வு கேட்கலாம். சுருக்கிக்காரனின் டொமைனுக்கு நாம் அப்படிக் கேட்க முடியாது.

எதை மாற்றுவதற்கு முன்பும் ஒன்று கேளுங்கள்: மடல் எந்தப் பெட்டியில் கிடக்கிறது? அவுட்லுக்கில் ஜங்க் பெட்டிக்குள் விழுந்த மடலில் எந்த லிங்க்கும் திறக்காது. இன்பாக்ஸுக்கு நகர்த்தினால் திறந்துவிடும். கூகுள் டிரைவ் லிங்க் 'அனுமதி கேள்' என்று நின்றால் அது தடையே அல்ல, பகிர்வை 'லிங்க் உள்ள அனைவருக்கும்' என்று மாற்ற மறந்திருப்பீர்கள்.

புது டொமைனை வடிகட்டிகள் கொஞ்ச நாள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சம்பா மடலுக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே வாங்கிவிடுங்கள்.