தூக்கத்தை அளக்க மோதிரமா, வாட்ச்சா?

தூக்கத்தைக் கண்காணிக்க சென்சார் வைத்த மோதிரமோ ஸ்மார்ட்வாட்ச்சோ வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எது துல்லியமாகக் காட்டும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இரவு முழுக்கக் கழற்றாமல் எதைப் போட்டுக்கொண்டு தூங்குவீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரு இரவின் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல வாரங்கள் விடாமல் பதிவானால்தான் நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறீர்கள், தூக்கத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது, எந்தெந்த நாட்களில் தூக்கம் கெடுகிறது என்பதெல்லாம் தெரியவரும். நடுவில் பாதி இரவுகள் விட்டுப்போனால் எவ்வளவு நல்ல சென்சார் இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில் மோதிரம் தெளிவாக முந்துகிறது. ஓரா, சாம்சங் கேலக்ஸி ரிங், அல்ட்ராஹியூமன் மோதிரங்களின் எடை சுமார் இரண்டு முதல் ஐந்து கிராம்தான். போட்டிருப்பதே சில நாட்களில் மறந்துவிடும். தலையணைக்கு அடியில் கையை வைத்து ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு வாட்ச் உறுத்தும். பட்டையைத் தளர்த்தினால் உறுத்தல் குறையும், ஆனால் சென்சாருக்கும் தோலுக்கும் இடைவெளி விழுந்து பதிவு கெடும்.

அடுத்தது சார்ஜ். மோதிரங்கள் நான்கு முதல் எட்டு நாள் வரை தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்களுக்குப் பல வருடங்களாக 18 மணி நேரம் என்றுதான் அந்த நிறுவனமே சொல்லிவந்தது. 2025-இல் வந்த சீரிஸ் 11-இல்தான் அது 24 மணி நேரமானது. பகலெல்லாம் ஓடிய வாட்ச்சை இரவில் சார்ஜில் போடுகிற பழக்கம் இருந்தால் தூக்கக் கணக்கு அதோடு சரி. குளிக்கும்போதோ, சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்காரும்போதோ சார்ஜ் போடப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். கார்மின் வாட்ச்களில் பல மாடல்கள் ஒரு வாரமும் அதற்கு மேலும் ஓடும், அவற்றுக்கு இந்தக் குறை பொருந்தாது.

சரி, துல்லியத்துக்கு வருவோம். இரண்டும் செய்வது ஒரே வேலைதான். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைப் படிக்கின்றன. கூடவே உடல் அசைவையும் கவனிக்கின்றன. விரலில் நாடி தோலுக்கு அருகிலேயே நன்றாகக் கிடைக்கும், மோதிரமும் பெரிதாக நகராமல் உட்கார்ந்திருக்கும். அதனால் இரவு நேரத் துடிப்பு அளவுகளில் விரலுக்குச் சாதகம் உண்டு. ஆனால் தூக்கத்தின் கட்டங்களைப் பிரிப்பது வேறு விஷயம். தூக்க ஆய்வகத்தில் மூளை அலைகள், கண் அசைவு, தசை இறுக்கம் எல்லாவற்றையும் பதிவுசெய்து, 30 விநாடித் துண்டுகளாக வெட்டிப் பார்த்துத்தான் இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பார்க்கும் பயிற்சி பெற்ற இருவரே ஏறக்குறைய ஐந்தில் நான்கு துண்டுகளில்தான் ஒத்துப்போகிறார்கள். மூளையைப் பார்க்கவே முடியாத மோதிரமும் வாட்ச்சும் சொல்வது ஊகம்தான். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்.

2024-இல் பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஓரா மோதிரம், ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் வாட்ச் மூன்றையும் 35 பேரிடம் ஆய்வகப் பதிவோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தை மூன்றுமே நூற்றுக்கு 95-க்குக் குறையாமல் சரியாகப் பிடித்தன. கட்டங்களைப் பிரிப்பதில் ஓரா முன்னே நின்றது. ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே ஓராதான் என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்ற எண்ணை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது வீண்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. தூக்கம் வராமல் அசையாது படுத்திருக்கும் நேரத்தைத் தூக்கமாகவே எண்ணிவிடும். தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். விடிய விடிய விழித்தே கிடந்ததாக நினைப்பவரிடம் ஆப் "ஆறு மணி நேரம் தூங்கினீர்கள்" என்று சொல்லும். அவர்கள் பணத்தைக் கருவிக்குச் செலவழிப்பதைவிட மருத்துவரிடம் போவது நல்லது.

வாட்ச்சின் பக்கம் இரண்டு உண்மையான பலங்கள் இருக்கின்றன. ஒன்று, சத்தமில்லாமல் மணிக்கட்டில் அதிர்ந்து எழுப்பும் அலாரம். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல் விடிகாலையில் கிளம்ப வேண்டியவருக்கு இதற்கு ஈடு இல்லை, பெரும்பாலான மோதிரங்களில் அதிர்வே கிடையாது. இன்னொன்று, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதைப் பற்றிய எச்சரிக்கை. இந்த வசதிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் சாம்சங்குக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிளுக்கும் அனுமதி கொடுத்தது. அது நோயை உறுதிப்படுத்தாது, பரிசோதனைக்குப் போங்கள் என்று தள்ளிவிடும், அவ்வளவே. பலமான குறட்டையோ, மூச்சு முட்டி விழிப்பதோ ஏற்கெனவே இருந்தால் எந்த எச்சரிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் வாட்ச்சில் திரை இருக்கிறது. நள்ளிரவில் விழிப்பு வந்ததும் மணி பார்ப்பதும், "இன்னும் மூன்று மணி நேரம்தானா" என்று கணக்குப் போடுவதும் போன தூக்கத்தைத் திரும்ப வரவிடாது. ஸ்லீப் மோடில் போட்டால் கையை அசைக்கும்போதெல்லாம் திரை எரியாது, அதை மறக்காமல் போட்டுவிடுங்கள். இந்தக் கவலையே மோதிரத்தில் இல்லை. காலையில் ஆப் தரும் தூக்க ஸ்கோரைப் பார்த்துக் கவலைப்படுவது மட்டும் இரண்டுக்கும் பொது. நல்ல ஸ்கோர் எடுக்க வேண்டும் என்ற பதற்றமே தூக்கத்தைக் கெடுப்பதை 2017-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனசு உள்ளவர்கள் ஸ்கோரைத் தினமும் திறக்காமல் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்.

கையில் ஏற்கெனவே ஒரு வாட்ச் இருந்தால் அவசரப்பட்டு மோதிரம் வாங்காதீர்கள். இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டே தூங்கிப் பாருங்கள். நடுராத்திரியில் கழற்றி வைக்கிறீர்கள், அல்லது சார்ஜ் இல்லாமல் இரவுகள் விட்டுப்போகின்றன என்றால் உங்களுக்கு மோதிரம்தான். எதுவுமே இல்லாமல் தூக்கத்துக்காக மட்டும் வாங்குகிறவருக்கும் நான் மோதிரத்தையே சொல்வேன். அதிர்வு அலாரமும் மூச்சுத்தடை எச்சரிக்கையும் வேண்டும் என்பவர்கள் மட்டும் வாட்ச் பக்கம் போகலாம்.

மோதிரம் என்று முடிவானால் வாங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். ஓராவில் முழு விவரங்களும் தெரிய மாதச் சந்தா கட்ட வேண்டும். சாம்சங், அல்ட்ராஹியூமன் மோதிரங்களின் அடிப்படைத் தூக்கக் கணக்குக்குச் சந்தா இல்லை. சாம்சங் மோதிரம் ஐபோனோடு வேலை செய்யாது. எந்த மோதிரத்திலும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, அது தேய்ந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். எடை தூக்கிப் பயிற்சி செய்யும்போது கழற்றிவிடுங்கள், கம்பிக்கும் மோதிரத்துக்கும் நடுவில் விரல் நசுங்கும். கடைசியாக அளவு. விரல் காலையில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் இருக்கும். அதனால் நிறுவனம் தரும் மாதிரி வளையத்தை ஒரு முழுப் பகலும் இரவும் போட்டுப் பார்த்து, இறுக்காமலும் சுழலாமலும் இருக்கிற அளவை ஆர்டர் செய்யுங்கள்.